தலையில் அடிபட்ட கணவர்: நகையை விற்று ஊசி போடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. தேவகோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஐந்து மாதத்துக்கு முன் பைக்கில் வரும்போது கார் மோதித் தலையில் அடி. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் கேட்டதையே கேட்கிறார், கடைப் பக்கமே போவதில்லை. போன மாதம் முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் பங்காளிகள் எல்லார் முன்னாலும் பெரியப்பாவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பழையபடி ஆகிவிடுவார், நாலரை லட்சம் ஆகும் என்று ஒருவர் வந்து சொல்கிறார். நகையை விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள், அம்மா. வீடு தேடி வந்து ஊசிக்கு விலை சொல்கிறவர் பெரும்பாலும் ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குகிறவர். ஸ்டெம் செல் என்பது வேறு வேறு செல்லாக மாறக்கூடிய மூலச் செல். தலைக்காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட வைத்தியம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி ரத்தம் சம்பந்தப்பட்ட சில சிகிச்சைகளைத் தவிர, மற்றவற்றை அனுமதி வாங்கிய ஆராய்ச்சியில் மட்டும்தான் கொடுக்கலாம். ஆராய்ச்சி என்றால் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பணம் கேட்டாலே அது வியாபாரம். ‘மூளைக்குச் சத்து’ என்று மாதக்கணக்கில் எழுதித் தருகிறார்களே சிட்டிகோலின், அதையும் அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட 1,213 பேரிடம் 90 நாள் சோதித்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. இன்னமும் நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அது இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு நடந்திருப்பது இதுதான். கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தானாக ஆரம்பிப்பது, எங்கே எதைப் பேசலாம் என்று நிதானிப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் வேலை. இப்படிப்பட்ட விபத்துகளில் அதிகம் அடிபடுவதும் அந்த இடம்தான். பெரியப்பாவைத் திட்டியது காயம், திமிர் அல்ல. அதைப் பெரியப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று உங்கள் வீட்டுக்காரர் சாதித்தால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். தன் குறையை உணர்கிற திறனும் சேர்ந்தே அடிபட்டிருக்கலாம்.

இன்னொன்று. வலிப்பு வராமல் இருக்க லெவிடிராசெட்டம் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்களா, பாருங்கள். சிலருக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

பழையபடி ஆவாரா என்றால், முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் மெதுவாக, இரண்டு வருஷம் தாண்டியும் நடக்கும். முழுக்கப் பழைய ஆளாக வருவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கடையில் பாதி நாள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற நிலைக்கு வரலாம். அதற்குப் பயிற்சி வேண்டும், அது வீட்டிலேயே நடக்கும். காலையில் களைப்பில்லாத நேரத்தில் அரை மணி, பத்துச் சாமானுக்குப் பில் போடச் சொல்லுங்கள். பிறகு ஓய்வு. அன்றன்று நடந்ததை ஒரே நோட்டில் அவர் கையாலேயே எழுதட்டும். கேட்டதையே கேட்டால் ‘இப்பத்தானே சொன்னேன்’ என்று கத்தாமல் நோட்டைக் காட்டுங்கள். படைப்பு, கல்யாணம் மாதிரிக் கூட்டமும் சத்தமும் உள்ள இடங்கள் கொஞ்ச காலம் வேண்டாம். முற்றத்தில் தண்ணீர் பட்ட ஆத்தங்குடிக் கல் வழுக்கும், நிலைப்படி தட்டும். இரண்டாவது அடி முதல் அடியைவிட மோசமாகப் போகலாம். ஊருணியில் தனியாகக் குளிப்பது, பைக், மது மூன்றும் கூடாது.

பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு விலக்கு உண்டு. தலைக்காயத்தில் தேறுகிறவர் மெதுவாகத் தேறலாம், தேறாமல் நிற்கலாம், ஆனால் பின்னால் போகக் கூடாது. நன்றாக நடந்தவர் காலைத் தேய்த்து நடக்கிறார், பகலிலும் தூங்கி வழிகிறார், அறியாமல் சிறுநீர் போய்விடுகிறது, தலைவலி கூடுகிறது, வாந்தி எடுக்கிறார் என்றால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம், ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கலாம். ரத்தத்தில் சோடியம் என்ற உப்புக் குறைந்தாலும் மந்தமாவார்கள். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. ‘அடிபட்ட மூளை, அப்படித்தான் இருக்கும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் சோடியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனில் மண்டையோட்டு எலும்பை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்தால், எப்போது திரும்ப வைப்பார்கள் என்றும் கேளுங்கள். அதைத் தள்ளிப்போட்டாலும் சிலர் மந்தமாவார்கள்.

ஆபரேஷனுக்குக் காப்பீடு கொடுக்கிறார்கள். அதற்கப்புறம் இருக்கிற வாழ்க்கைக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016 சொல்கிற 21 வகையில் தலைக்காயத்துக்குத் தனி இடமே இல்லை. சான்றிதழுக்குப் போனால் ‘கை கால் நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்பி அனுப்பக்கூடும். மனநலப் பிரிவில் நினைவாற்றல், நடத்தை இரண்டையும் சோதித்து எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். உடற்பயிற்சிக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கடைசியாக, அவசரமானது. கார் மோதியது என்கிறீர்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ‘கேஸ் நான் பார்க்கிறேன்’ என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி, வருகிற பணத்தில் பங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சட்டம் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு இந்த வாரமே போங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மருத்துவச் செலவு ரசீதுகள், கடை வருமானக் கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும். நினைவும் கோபமும் எப்படி மாறியிருக்கின்றன என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்கிச் சேருங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், நடந்து வருகிற மனுஷனுக்கு எதற்கு இழப்பீடு என்று கேட்பார்கள்.