மலைக்கு ஊழியப் பயணம்: எதைக் கொண்டுபோவது?

கேள்வி: எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து 25 பேர் மே மாதம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஊழியப் பயணம் போகிறோம். ஐந்து நாளில் மூன்று ஊர்கள். பழைய துணிகள் சேர்த்து வைத்திருக்கிறோம். மாலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி, ஒரு பள்ளிச் சுவருக்கு வண்ணமும் அடிக்க எண்ணம். நீங்கள் அந்தப் பக்கத்து எஸ்டேட் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். வேறென்ன செய்யலாம், அக்கா?
– வாலிபர் ஐக்கியச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, அவசியம் போய் வாருங்கள். ஆனால் மூன்று ஊர் வேண்டாம், ஒன்று போதும். பத்துப் பேர் போனால் அந்தச் சபையார் சோறு போட்டுப் படுக்க இடமும் தர முடியும். மற்றவர்கள் டிசம்பர் விடுமுறையில் அதே ஊருக்குப் போகட்டும்.

துணி மூட்டையைத் தயவுசெய்து ஏற்றாதீர்கள். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் உழைத்து உடுத்துகிறவர்கள். ஞாயிறு ஆராதனைக்கு அவர்கள் கட்டிவரும் புடவையைப் பார்த்தால் உங்களுக்கு மூட்டையை அவிழ்க்கக் கை வராது. சுவருக்கு வண்ணம் அடிக்க உள்ளூரில் ஆள் உண்டு. அவருக்குக் கூலி கொடுங்கள்; உங்கள் பையன்கள் கூட நின்று சுவரைச் சுரண்டிக் கொடுக்கட்டும்.

பிள்ளைகளுக்கான பள்ளிதான் உண்மையான தேவை. அதையும் காலையில் நடத்துங்கள். கோடை மழை விழுந்ததும் தேயிலை தளிர்த்துத் தள்ளும். மே மாதம் கொழுந்துப் பறிப்பு மும்முரம். காலையில் மலையேறும் தாய்மார் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடமோ விடுமுறை. காப்பகத்தில் விடும் வயதைத் தாண்டிய ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் லயத்து வாசலில் தனியாக இருப்பார்கள். யானை வந்து போகும் இடம் அது. தாய்மார் கிளம்பும் நேரத்திலிருந்து அவர்கள் திரும்பும்வரை, மதியச் சாப்பாட்டோடு, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டும் கதையும் அதற்குள் தாராளமாக அடங்கும். அந்த அம்மாக்களின் மனதில் ஐந்து நாள் பாரம் இறங்கும், தம்பி.

மாலையில் நீங்கள் கற்றுக்கொள்ள உட்காருங்கள். அங்கே பலர் தாயகம் திரும்பியோர். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவே அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதுதான். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பாட்டிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மண்டபம் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? அவர்கள் பேசட்டும், உங்கள் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு அவர்கள் அழைக்காமல் போகாதீர்கள். அவர்களுக்குச் சொந்த மொழி உண்டு, சொந்த வழிபாடு உண்டு. பரிசுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வேதம் பேசுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாங்குகிறவர் எதற்காகத் தலையாட்டினார் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் 1840களில் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்திக்கு வந்தது. அதில் மெட்ஸ் என்ற ஜெர்மானியர் மலைவாழ் படுகர்களின் படுகு மொழியைக் கற்று ஊர் ஊராக நடந்தார். படுகர்களில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858இல்தான். ஆகவே ஐந்து நாளில் எத்தனை ஆத்துமாக்கள் என்று எண்ணி அறிக்கை தரச் சொன்னால், பெரியவர்களிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். பிள்ளைகளின் படங்களைப் போட்டு நன்கொடை கேட்பதும் வேண்டாம்.

அரசு பஸ்ஸில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் தேவையில்லை. வேன் என்றால் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, எனவே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். இருட்டுமுன் எல்லோரும் தங்குமிடத்துக்கு வந்துவிட வேண்டும். ஊர்க்காரர் துணையில்லாமல் தோட்டத்துக்குள் நடக்கக் கூடாது. பெண் பிள்ளைகளோடு பெரியவர்களான பெண்கள் இருவராவது வரட்டும்.

இதற்கெல்லாம் முன், அந்தச் சபைப் போதகருக்குப் போன் செய்து, மே மாதத்தில் எந்த வாரம் அவர்களுக்குத் தோது என்று கேளுங்கள். தேதியை அவர் சொல்லட்டும். டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.