உறைய வைத்த சிறுநீரகம் மீண்டும் இயங்குமா?

கேள்வி: மண்டபம் பக்கம் இறாலையும் கணவாயையும் உறைய வைத்து, மாதக்கணக்கில் கெடாமல் காத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தானமாகக் கிடைக்கும் சிறுநீரகத்தையும் அப்படிச் சேமித்து வைக்க முடியாதா? விலங்குகளில் செய்து பார்த்துவிட்டதாகப் படித்தேன். என் தாய்மாமா டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருப்பதால் கேட்கிறேன்.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உறைந்த இறாலை வெளியே எடுத்து வைத்தால் சற்று நேரத்தில் தட்டில் நீர் வடிந்து நிற்பதையும், சதை தளர்ந்துவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதோடு, படிகங்களாக வளர்ந்து செல்களின் சவ்வையும் கிழித்துவிடுகிறது. குழம்பில் போடும் இறாலுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் உடலில் பொருத்தியபின் இரத்தத்தை வடிகட்ட வேண்டிய சிறுநீரகத்தில் நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் சிதைந்தால் அந்த உறுப்பே பயனற்றுப் போகும். ஆகவேதான் மருத்துவமனைகளில் உறுப்பை உறைய விடாமல் 4 டிகிரி அளவில் குளிர்ச்சியாக மட்டும் வைக்கிறார்கள். அந்த நிலையில் சிறுநீரகம் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் தாங்கும், இதயமோ நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

நீங்கள் படித்தது உண்மைதான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் சிறுநீரகத்துக்குள் படிகம் உருவாகாமல் தடுக்கும் வேதிக்கரைசலைச் செலுத்தி, விரைவாகக் குளிரச் செய்து, பனிக்கட்டியே தோன்றாத கண்ணாடி நிலையில் மைனஸ் 150 டிகிரியில் 100 நாள் வரை வைத்திருந்து, பின் ஐந்து எலிகளுக்குப் பொருத்தியதில் அவை இயங்கின என்று 2023இல் அறிவித்தார்கள்.

இதில் குளிர வைப்பதைவிட மீண்டும் சூடாக்குவதே கடினமானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சூடாக்கினால் வழியிலேயே படிகம் முளைத்துவிடும். வெளிப்புறம் முந்தி உட்புறம் பிந்தினால் உறுப்பு விரிசல் விடும். அதனால் அவர்கள் அந்தக் கரைசலோடு இரும்பு ஆக்சைடு நானோ துகள்களையும் இரத்தக்குழாய்களுக்குள் அனுப்பி வைத்து, மாறும் காந்தப்புலத்தால் அத்துகள்களைச் சூடேற்றி, உறுப்பு முழுவதையும் உள்ளிருந்தே ஒரே சீராக வெப்பப்படுத்தினார்கள். எலியின் சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். மனிதனுடையது 150 கிராம் அளவுக்கு இருக்கும். அத்தனை பருமனான உறுப்பின் ஒவ்வொரு மூலைக்கும் கரைசலைச் சேர்ப்பதும், அதன் நச்சுத்தன்மை செல்களைக் கொல்லுமுன் கழுவி வெளியேற்றுவதும் எளிதல்ல. கோழியின் விந்தணுவை உறைய வைக்கும்போது அது சிதையாமல் கிளிசரால் என்ற திரவம் காக்கும் என்று 1949இல் கண்டறிந்த பிறகு, உறைய வைத்த மனிதக் கருவிலிருந்து 1984இல் குழந்தையும் பிறந்துவிட்டது. ஆனால் சில செல்களே கொண்ட கரு வேறு, பலவகைச் செல்கள் அடுக்கடுக்காக அமைந்த முழு உறுப்பு வேறு. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் திசுக்களைச் சேமிப்பதிலும் இதே தடைகள் உண்டு.

இந்த முறை கைகூடினால், இராமேசுவரம் போன்ற கடைக்கோடி ஊர்க்காரர்கள் அழைப்பு வந்த அந்த இரவிலேயே மதுரைக்கு விரையும் நெருக்கடி நீங்கும் என்பதால், நானும் ஆவலோடு இதைக் கவனித்து வருகிறேன். ஆனால் உங்கள் மாமாவின் சிகிச்சையை இதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று மருத்துவமனையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உறைய வைத்த சிறுநீரகத்தை விலைக்கு வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.