உப்புக் கடலை: கைப்பிடியா, பொட்டலமா?

சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செம்பனை வெட்டும் வேலை செய்யும் அவருடைய கணவர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்து வருகிறார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் உப்புக் கடலையை மாலைத் தேநீரோடு ஒரு பொட்டலம் முழுக்கத் தின்றுவிடுவதாகவும், கேட்டால் “முட்டைக்குப் பதில் இதுவே போதும்” என்று சொல்வதாகவும் எழுதி, அது சரியா என்று கேட்கிறார்.

பாதி சரி. வறுத்த நிலக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதமும், 50 கிராம் கொழுப்பும், 8 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி இதயத்திற்குக் கேடு செய்யாத நிறைவுறாக் கொழுப்பே. மக்னீசியமும் நயாசினும் தாராளமாக உண்டு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கடலையில் ஒரு முட்டையில் உள்ள அளவு புரதம் கிடைத்துவிடும். ஆனால் லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் கடலையில் குறைவு என்பதால், முட்டையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

உப்பைப் பற்றித்தான் வாசகிக்குக் கவலை அதிகம். வறுத்த கடலையில் உப்பு மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் நாக்கு அதை உடனே உணர்கிறது. குழம்பிலும் கிச்சாப்பிலும் (சோயா சாஸ்) கரைந்திருக்கும் உப்பு அப்படித் தெரிவதில்லை. பாக்கெட்டில் ‘நாத்ரியம்’ என்று அச்சிட்டிருப்பது சோடியம். 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் என்று இருந்தால், ஒரு கைப்பிடியில் 120 மில்லிகிராம்தான் சேரும். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே கடலையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுக் கிச்சாப்பையும் கருவாட்டையும் கண்டுகொள்ளாமல் இருப்பது நியாயமல்ல. ஆனால் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பயறு) கடையில் அள்ளிக் கட்டித் தரும் பொட்டலத்தில் எவ்வளவு உப்பு என்று எந்தச் சீட்டும் சொல்லாது. விரல் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

என்னைக் கேட்டால், உப்பைவிட அளவுதான் பெரிய சிக்கல். 150 கிராம் பொட்டலம் ஒன்றை முடித்தால் ஏறக்குறைய 880 கலோரி உள்ளே போகிறது; அது நான்கு கோப்பைச் சோற்றுக்கும் மேல். அதன் பிறகு இரவுச் சாப்பாட்டையும் குறைக்காவிட்டால் உடல் எடை ஏறும், எடையோடு அழுத்தமும் ஏறும்.

வீட்டிலேயே வறுப்பது சுலபம். அரை கிலோ பச்சைக் கடலைக்கு அரைத் தேக்கரண்டி உப்பை இரண்டு கரண்டி நீரில் கரைத்துத் தெளித்து, எண்ணெய் இல்லாமல், தோல் வெடித்து வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் புரட்டுங்கள். தோலை ஊதித் தள்ளாதீர்கள். அதிலும் சத்து உண்டு. ஆறியதும் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, மாலையில் ஒரு கைப்பிடியை மட்டும் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். போத்தலை மேசையில் வைக்காதீர்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் கடலையில் எளிதாகப் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. வறுத்தாலும் முழுமையாக அழியாது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறியுங்கள். வாயில் கசக்கும் கடலையைத் துப்பிவிடச் சொல்லுங்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால், கடலையில் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம் என்பதால், இந்தக் கைப்பிடிக் கணக்கையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே பின்பற்ற வேண்டும்.