வாயேஜரின் நினைவகம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வாயேஜர் 1 விண்கலத்தின் கணினி நினைவகம் என் கைபேசியில் இருக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாது என்று படித்தேன். சிரிப்புதான் வந்தது. அந்தப் பழைய இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள இன்னமும் ஒரு குழு இருக்கிறதாம். விண்வெளிப் பயணமே அமெரிக்காவும் சோவியத்தும் போட்டி போட்டதில் பிறந்ததுதானே? போட்டி முடிந்த பிறகு அதற்கு நோக்கம் என்ன? பூமியின் ஒலிகளைப் பதிந்து அதில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டை வேற்றுக்கிரகத்தார் எடுத்துக் கேட்பார்கள் என்று நிஜமாகவே நம்புகிறார்களா? எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் இதையெல்லாம் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

"போய்ப் பாடத்தைப் படி" என்று பையனை விரட்டாமல், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே பதில் எழுத வேண்டும். தவிர, 2024-இல் வாயேஜர் பொறியாளர்கள் செய்த வேலை சில காலமாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கத் தட்டை விடுங்கள். அந்தக் கலம் எந்த நட்சத்திரத்தையும் குறிவைத்துப் போகவில்லை. ஏறக்குறைய 40,000 ஆண்டுகள் கழித்து ஒரு நட்சத்திரத்தை ஒன்றரை ஒளியாண்டுக்கும் மேல் தள்ளிக் கடக்கும். அவ்வளவுதான்.

போட்டி என்பது உண்மை. 1957-இன் ஸ்புட்னிக்கிலிருந்து 1969-இன் அப்பல்லோ 11 வரை அதுதான் பணத்தைக் கொண்டுவந்தது. ஆனால் வாயேஜர் அந்தப் பணம் வற்றிய காலத்தில் உருவானது. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும் ஒரே கலம் அடுத்தடுத்துப் போய்ப் பார்க்கத் தோதாக அமையும் வாய்ப்பு 1970-களின் இறுதியில் வருகிறது, அதை விட்டால் மறுபடி சுமார் 175 ஆண்டுகள் ஆகும் என்று 1965-இல் கேரி ஃப்ளான்ட்ரோ என்ற பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். அதற்குப் போட்ட பெரிய திட்டம் செலவு அதிகம் என்று கைவிடப்பட்டது. 1972-இல் அனுமதி கிடைத்தது இரண்டு கலங்களுக்கு. அவையும் வியாழனுக்கும் சனிக்கும் மட்டும். நீங்கள் கேட்கும் 'நோக்கம்' காகிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. 1980 நவம்பரில் சனியைக் கடந்ததும் வாயேஜர் 1-க்கு அது முடிந்துவிட்டது.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கருவியை எதற்காகச் செய்தார்கள் என்று கேட்காமல், கையில் இருப்பதோடு அளந்து பார்த்து மட்டம்தட்டுவது சோம்பேறித்தனம். பையனுக்கு அதைக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

வாயேஜரில் மூன்று வகைக் கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஒன்று கட்டளைகளை நிறைவேற்றும். ஒன்று கலம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கவனிக்கும். மூன்றாவது, கருவிகளின் அளவீடுகளை வாங்கி வரிசைப்படுத்திப் பூமிக்கு அனுப்பும் பொதியாகக் கட்டும். இந்த மூன்றாவதன் நினைவகத்தில் 16 பிட் அளவுள்ள இடங்கள் எட்டாயிரத்துச் சொச்சம். (பிட் என்பது ஒரு ஒன்று அல்லது ஒரு பூஜ்யம்.) 2023 நவம்பர் 14 அன்று கெட்டது இதுதான். கலத்தின் ரேடியோ அலை ஒழுங்காக வந்தது. அதில் இருக்க வேண்டிய தகவலுக்குப் பதில் ஒன்றும் பூஜ்யமும் ஒரே கோலமாகத் திரும்பத் திரும்ப வந்தன. கருவிகளின் அளவீடும் இல்லை, கலத்தின் உடல்நிலையும் தெரியவில்லை.

கலம் அப்போது 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கலத்தை உருவாக்கியவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். 2024 மார்ச் 1 அன்று, நிரலின் வேறு வேறு பகுதிகளை ஓட்டிப் பார்க்கும்படி ஒரு கட்டளை அனுப்பினார்கள். மார்ச் 3-இல் வந்த சமிக்ஞை, கெட்ட கோலமாகவும் இல்லை, பழைய ஒழுங்கிலும் இல்லை. அதைப் பிரித்துப் பார்த்த பொறியாளர் கண்டது அந்தக் கணினியின் முழு நினைவகத்தின் நகல். பழுதுக்கு முந்தைய நகலோடு ஒப்பிட்டார்கள். கெட்டது ஒரே ஒரு சிப். நினைவகத்தில் சுமார் 3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 250 இடங்கள். ஆற்றல் மிக்க ஏதோ ஒரு துகள் தாக்கியிருக்கலாம், 46 ஆண்டு உழைத்துத் தேய்ந்தும் இருக்கலாம்.

கவனியுங்கள். எட்டாயிரம் இடங்கள் என்றால் சுமார் 1,31,000 பிட். வாயேஜர் வழக்கமாகத் தகவல் அனுப்பும் வேகம் நொடிக்கு 160 பிட். அந்த வேகத்தில் மொத்த நினைவகமும் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். உங்கள் கைபேசியில் 64 ஜிபி என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் அனுப்பி முடிக்க நூறு ஆண்டுகள். நீங்கள் சிரித்த அந்தச் சிறுமைதான் கலத்தைக் காப்பாற்றியது. முழுவதையும் வரவழைக்க முடிந்தது, மனிதர்கள் உட்கார்ந்து இடம் இடமாகப் படிக்க முடிந்தது.

சிப்பை மாற்ற முடியாது. அதிலிருந்த நிரலைத்தான் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அது முழுதாகக் கொள்ளும் காலியிடம் எங்குமே இல்லை. துண்டு துண்டாக வெட்டிக் கிடைத்த சந்துகளில் வைத்தார்கள். இங்கேதான் தவறு நேரும். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்தது எங்கே என்று கணினிக்குத் தெரிய வேண்டும். அந்த நிரலைக் கூப்பிடும் மற்ற இடங்களிலெல்லாம் பழைய முகவரிதான் எழுதியிருக்கும். வீடு மாறியவர் ரேஷன் கார்டு, வங்கி, கேஸ் என்று ஒன்றையும் விடாமல் முகவரி மாற்றுவதைப் போல அத்தனையையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கணினி கெட்ட சிப்புக்குள் போய் விழும். அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவில்லை. கலத்தின் உடல்நிலையைச் சொல்லும் பகுதியை மட்டும் முதலில் எடுத்தார்கள். ஏப்ரல் 18-இல் அனுப்பி, 20-இல் பதில் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பின் கலம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. மே மாதம் இரண்டு கருவிகள் பேசின, ஜூனில் நான்கும்.

இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், பறக்கும் கலத்தின் நிரலைப் பூமியிலிருந்து திருத்தி எழுத 1970-களிலேயே வழி வைத்ததுதான். வாயேஜர் 2-ஐப் பாருங்கள். சனி வரைதான் அனுமதி என்று தெரிந்தே, வழியில் சிதையும் தகவலைச் சரிசெய்ய உதவும் பிழைதிருத்தக் குறியீடு சேர்க்கும் ஒரு கருவியைச் சோதனைக்காக அதில் ஏற்றி அனுப்பினார்கள். பழைய முறையில் ஒரு பிட் தகவலுக்கு இன்னொரு பிட் காவல். புதிய முறையில் ஐந்துக்கு ஒன்று போதும். 1986 ஜனவரியில் யுரேனஸுக்குப் போனபோது அது கைகொடுத்தது. 800-க்கு 800 புள்ளிகள், புள்ளிக்கு 8 பிட் என்று ஒரு படத்துக்கு 51 லட்சம் பிட். அவ்வளவையும் அனுப்ப அங்கிருந்து வேகம் போதாது. பொதி கட்டும் கணினிகள் இரண்டில் மாற்றாக இருந்ததற்குப் புதிய நிரல் எழுதி, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதை மட்டும் அனுப்பவைத்தார்கள். மாற்றுக்கணினியை அப்படிப் பயன்படுத்துவது ஆபத்துதான். முதல் கணினி கெட்டால் பின்னால் ஆளில்லை. தெரிந்தே செய்தார்கள், செய்தது சரி. நாம் பார்க்கும் யுரேனஸ், நெப்டியூன் அருகாமைப் படங்கள் அந்தக் கலம் எடுத்தவைதான். வேறெந்தக் கலமும் இதுவரை அந்த இரண்டுக்கும் அருகே போகவில்லை.

ஆகவே நோக்கம் என்ன என்று ஒரு வரியில் கேட்டால் என்னிடம் இருப்பது இதுதான்: அனுப்புகிறவருக்கு இன்னும் தோன்றாத கேள்விக்கும் இடம்விட்டு அனுப்புவது. வியாழனின் நிலவான அயோவில் எரிமலை பொங்குவது 1979 மார்ச்சில் தெரிந்தது எப்படி? கலத்தின் வழியைச் சரிபார்க்க எடுத்த ஒரு படத்தில், வழி கணிக்கும் குழுவில் இருந்த லிண்டா மொரபிட்டோ கண்டார். எரிமலையைத் தேடி எடுத்த படமல்ல அது.

அந்தக் குழு எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். கலத்தின் புளூட்டோனிய மின்கலங்கள் ஆண்டுக்குச் சுமார் 4 வாட் இழக்கின்றன. எந்தக் கருவியை எப்போது அணைப்பது, அணைத்தால் எரிபொருள் குழாய் உறைந்துவிடுமா என்பதையெல்லாம் யாராவது உட்கார்ந்து கணக்குப்போட வேண்டாமா?

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். எந்த ஆன்டெனா எந்தக் கலத்தோடு பேசுகிறது என்பதை நாசா தன் இணையதளத்தில் உடனுக்குடன் காட்டுகிறது. கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய மூன்று ஆன்டெனா நிலையங்களில் எது வாயேஜர் 1-ஐக் கேட்கிறது என்று அவனே தேடட்டும். பிறகு கலத்தின் அன்றைய தூரத்தை எடுத்து, நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரால் வகுத்து, அந்த ஆன்டெனாவுக்கு இப்போது வரும் சமிக்ஞை நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று கண்டுபிடிக்கட்டும். விடையை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.