மருந்தடித்து விழுந்தவரை எப்போது வீட்டுக்குக் கூட்டிவரலாம்?

கேள்வி: காலபோக வயலுக்கு அறக்கொட்டி மருந்தடித்த என் கணவருக்கு வேர்த்துக் கொட்டி, சத்தியும் வந்து, கண் மங்கிப்போனது. அயலார் பால் பருக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மறுநாளே எழும்பிக் கதைத்தார். ஆனாலும் துண்டு வெட்ட மறுக்கிறார்கள். ஏன்? (வாசகி, பரந்தன்)

பதில்: அவர்கள் மறுப்பது சரி, அம்மா. தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

அந்த அறிகுறிகள் ஓகனோபொஸ்பேற் என்ற பூச்சிகொல்லி வகை நஞ்சுக்கு உரியவை. நரம்பு விடும் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை அது முடக்கிவிடும். அசற்றைல்கோலின் தேங்குவதால் வேர்வை, வாய்நீர், நெஞ்சில் சளி எல்லாம் பெருகும். இதற்கு அற்றோப்பின் ஊசி போடுவார்கள்: முதலில் 1.8 முதல் 3 மில்லிகிராம், பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, போதாவிட்டால் இரட்டித்து. நெஞ்சு தெளிந்து, கக்கம் உலர்ந்து, நாடித்துடிப்பு 80ஐத் தாண்டும் வரை இது தொடரும்.

ஆனால் அற்றோப்பின் தசைகளுக்கு உதவாது. ஆபத்து அங்கேதான். நஞ்சேறி 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள், தேறியதுபோல் தெரிந்தவருக்கே கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளரலாம். இதை 1987இல் விரிவாக விவரித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்கள் சேனாநாயக்கவும் கரலியத்தவும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற்போவது முதல் அடையாளம். அதைக் கண்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். வீட்டில் மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசக் கருவிக்கு எங்கே போவது? அந்த நாட்களைத் தாண்டினால் பெரும்பாலும் பயமில்லை.

முடங்கிய நொதியத்தை மீட்கக் கொடுக்கும் பிராலிடொக்சிம் மருந்தை ஏன் போடவில்லை என்றும் சிலர் கேட்பார்கள். இலங்கையில் 235 நோயாளரிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை.

இனி யாருக்கும் இப்படி நேர்ந்தால் பால் வேண்டாம், சத்தியெடுக்கவும் வைக்க வேண்டாம். போத்தலில் நஞ்சோடு எண்ணெய்க் கரைப்பானும் உண்டு. புரையேறினால் நுரையீரல் கெடும். கையுறை போட்டுக்கொண்டு சாரம், சேட்டைக் கழற்றுங்கள். தலைமயிர், நக இடுக்கு உட்பட சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவி, இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். மருந்துப் போத்தலையும் கொண்டுபோக மறக்காதீர்கள். எந்த நஞ்சென்று தெரிந்தால்தான் வைத்தியருக்கு அடுத்த நாட்களைக் கணிக்க முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் செங்குருதிக் கலங்களில் அந்த நொதியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 வீதமே மீளும். அதனால் இந்தப் போகத்தில் மிச்ச மருந்தை வேறொருவர் அடிக்கட்டும்.