ஜன்னலைச் சாத்துவதற்கு முன்: பனிக்காலக் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கத்தில் 29 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டு வழியே ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களுக்கும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் நடந்து போவேன். அங்கே எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’. இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களும் அப்படியே கூப்பிடுவதில் எனக்குச் சந்தோஷம். விடிகாலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியத் தொடங்கிவிட்டது. அதனால் இந்த முறை மலையில் குளிரோடு வாழ்கிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சிஸ்டர், என் அம்மாவுக்கு 74 வயது. ராத்திரியில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுத் தூங்குகிறார். வேண்டாம் என்றால், “எங்க அம்மா காலத்துல இருந்து இப்படித்தான், யாருக்கு என்ன ஆச்சு?” என்று கோபப்படுகிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது? (வாசகி, ஊட்டி)

இன்று ராத்திரியே அந்த அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். புரியவைப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. புகை இருந்தால் இருமி எழுந்துவிடுவோம். கனிந்த கரியில் புகையே இல்லை என்பதால்தான் அதை நம்பி உள்ளே கொண்டுவருகிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இந்த வாயு போய் உட்கார்ந்துகொள்ளும். தலை வலிக்கும், வாந்தி வரும், அசதியாக இருக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

உங்கள் அம்மா சொல்வது பொய் இல்லை. அவருடைய அம்மா வாழ்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். பலகைக் கதவில் வெளிச்சம் தெரியும். அந்தச் சந்துகள்தான் அவர்களைக் காப்பாற்றின. இன்றைக்குக் கான்கிரீட் கூரை, ஒட்டினாற்போல் மூடும் கண்ணாடி ஜன்னல், போதாததற்குக் கதவடியில் சாக்கு. அடுப்பு அதேதான், வீடுதான் மாறிவிட்டது. இதை இப்படியே சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.

ஒரு ஜனவரி மாதம், லைன் வீடு ஒன்றில் காலை எட்டு மணியாகியும் கதவு திறக்கவில்லை என்று என்னைக் கூப்பிட ஓடிவந்தார்கள். நான் போவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாழ்ப்பாளை உடைத்துவிட்டிருந்தார்கள். புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள். எழுப்பினால் முனகுகிறார்கள், எழுந்திருக்க முடியவில்லை. நான்கு பேரையும் அந்தக் குளிரில் முற்றத்துக்குத் தூக்கிவந்து போட்டோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பெரிய பிள்ளை கண்ணைத் திறந்து “தலை வலிக்குது” என்றது. நான்கு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுத் தகரக் கூரையில் முன்பு ஒரு ஓட்டை இருந்ததாம். குளிர் வருகிறதே என்று அந்த வாரம்தான் அடைத்திருக்கிறார்கள்.

சரி, அம்மாவுக்குச் சூடு வேண்டுமே. முதலில் படுக்கையைக் கவனியுங்கள். மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழிருந்து குளிர் ஏறும். மெத்தைக்கு அடியில் ஒரு பழைய கம்பளியை நான்காக மடித்துப் போடுங்கள். மத்தியானம் வெயில் அடிக்கும்போது போர்வையைக் காயவைத்து, வெயில் இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். ஈரக்காற்று ஏறிய கம்பளி சூடு கொடுக்காது. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடலாம். குல்லா, காலுறை, பகலில் போட்டிருந்ததை மாற்றி நன்றாகக் காய்ந்த ஒரு பனியன். இவ்வளவும் செய்தால் அடுப்பைத் தேட மாட்டார்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அதுவும் அதே வாயுதான். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். குளியலறை ஜன்னலையும் அடைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலை ஐந்தரைக்கு நடப்பேன். பனி தொடங்கியதிலிருந்து மூன்று வாரமாக விட்டுவிட்டேன். மறுபடி தொடங்கலாமா? (வாசகர், குன்னூர்)

தொடங்குங்கள், ஆனால் ஐந்தரைக்கு வேண்டாம். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிபி ஏறும், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். போர்வைக்குள் இருந்து எழுந்து நேராக மேட்டில் ஏறுவது உங்கள் வயதில், பிபியும் இருக்கும்போது, நல்லதில்லை. வெயில் ரோட்டில் விழுந்த பிறகு கிளம்புங்கள். அலுவலக நேரம் இடிக்கிறது என்றால் சாயங்காலம் நான்கு மணி. கிளம்புவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கை காலை அசைத்து உடம்பைச் சூடாக்குங்கள். வாயையும் மூக்கையும் மப்ளரால் மூடிக்கொண்டு நடந்தால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகப் போகும். வீசிங் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஐந்து நாள், அரை அரை மணி நேரம். குன்னூர்க்காரருக்கு மேடு பள்ளம் வாசலிலேயே இருக்கிறது. சிம்ஸ் பூங்காவுக்குள் இரண்டு தடவை ஏறி இறங்கினாலே மூச்சு வாங்கும். மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் நாளில், கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். பத்து தடவை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. தொடைக்கு அதைவிட நல்ல வேலை வேறு இல்லை.

மாதம் ஒரு தடவை பிபி பாருங்கள். கூடியிருந்தால் நீங்களாக மாத்திரையைக் கூட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வந்தால் வீடு வரைக்கும் நடந்து வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் குழந்தைக்கு எட்டு மாதம். மூக்கடைப்பு. மாமியார் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறார். நீலகிரித் தைலமும் தேனும்கூடக் கொடுக்கலாம் என்கிறார். சரியா? (வாசகி, கோத்தகிரி)

மூன்றுமே வேண்டாம் அம்மா. கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவே உள்ளே இறங்கும், வலிப்பு வரவைக்கும். தைலம் நம் மலையின் பெருமைதான். ஆனால் அது பெரியவர்கள் கால்வலிக்குத் தேய்க்கிற பொருள். குழந்தை மூக்கருகில் வைத்தால் மூச்சுத் திணறும், வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலும் ஆபத்து. பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். தேனை ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. காட்டுத் தேன் சுத்தமாயிற்றே என்பார்கள். அதில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

மருந்துக்கடையில் உப்புநீர் மூக்குச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்கு முன்னும் தூங்கவைப்பதற்கு முன்னும் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு. பாலை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தையை மூட்டை மாதிரி சுற்றிவைக்காதீர்கள். பின்கழுத்தில் கைவைத்துப் பாருங்கள், வேர்த்திருந்தால் ஒரு சட்டையைக் கழற்றுங்கள்.

இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்: குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். உங்கள் குழந்தை வயதில் 50, அதற்கு மேல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு வயதுக்கு மேல் 40. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே. மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். நான் போன வீடுகளில் பாட்டிகள்தான் இதை முதலில் கற்றுக்கொண்டார்கள், ராத்திரி இரண்டு மணிக்குச் சரியாக எண்ணி எனக்குப் போன் செய்தவர்களும் அவர்களே.

கேள்வி: என் வகுப்பில் 38 பிள்ளைகள். டிசம்பரில் பாதிப் பேருக்குச் சளி. பனியில் விளையாடுவதால்தானே? (ஆசிரியை, ஊட்டி)

சளி வைரஸால் வருவது. அது பிள்ளைக்குப் பிள்ளை தாவுவது விளையாட்டு மைதானத்தில் குறைவு, சாத்திய வகுப்பில் அதிகம். குளிர் என்று எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு ஒரே காற்றை 38 பேரும் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். எதிரெதிராக இரண்டு ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். இடைவேளையில் எல்லோரையும் வெயிலுக்கு அனுப்பிவிட்டு முழுதாகத் திறந்துவிடுங்கள். கை கழுவத் தண்ணீர் ஐஸாக இருந்தால் பிள்ளைகள் கழுவ மாட்டார்கள். சத்துணவுக்கூடத்தில் ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீர் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தேயிலை பறிக்கிறேன். குளிருக்கு ஒரு நாளைக்கு ஆறு டீ ஆகிவிடுகிறது. தண்ணீர் குடிக்கத் தோன்றவே இல்லை. நீர்க்கடுப்பு வருகிறது. (வாசகி, கூடலூர்)

குளிரில் தாகம் மந்தமாகிவிடும், உடம்புக்குத் தண்ணீர் வேண்டியதுதான். காட்டில் ஒதுங்க இடம் இல்லை என்று குடிக்காமல் இருப்பதும் எனக்குத் தெரியும். அதற்கு இடம் செய்து தரச் சொல்லி மேஸ்திரியிடம் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஃபிளாஸ்கில் சீரகம் போட்ட வெந்நீர் எடுத்துப்போய் ஒவ்வொரு எடை போடும் நேரத்திலும் ஒரு டம்ளர் குடியுங்கள். சிறுநீர் இளமஞ்சளாகப் போக வேண்டும். கடுப்போடு காய்ச்சலும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஆறு டீயில் 12 ஸ்பூன், ஏறக்குறைய 50 கிராம். பாதியாகக் குறையுங்கள். இன்னொன்று, சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை டீ உடம்பில் சேரவிடாது. நான் ரத்தம் பரிசோதித்த பறிக்கும் பெண்களில் எத்தனையோ பேருக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ. கீரையோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

கேள்வி: ஒரு மடக்கு பிராந்தி உடம்பைச் சூடாக்கும் என்கிறார் என் கணவர். (பெயர் வேண்டாம்)

சூடு போலத் தெரியும், உண்மையில் உடம்புச் சூடு தோல் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கும். குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுக்குக் காபி போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: 61 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. பாதம் வெடித்துப் பிளக்கிறது, மரத்தும் போகிறது. காலையில் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் சில நாள் ‘எரர்’ காட்டுகிறது. (வாசகர், குந்தா)

மரத்துப்போன காலை ஹீட்டர் பக்கத்திலோ வெந்நீர்ப் பையிலோ வைக்கவே கூடாது. தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. காலுறை போட்டுத்தான் சூடாக்க வேண்டும், அதையும் தினம் மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், சூட்டை முழங்கையால் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். துடைத்த உடனே, ஈரம் முழுதாகக் காய்வதற்குள், தேங்காய் எண்ணெய் தடவுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு எடுங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், புண் வரும். வெடிப்பை பிளேடால் சீவாதீர்கள். ரத்தம் கசிந்தாலோ நீர் வடிந்தாலோ அன்றே காட்டுங்கள். ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒரு தடவை உங்களைப் போன்றவர்களுக்கு வேண்டும், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள்.

மீட்டர் கெட்டுப்போகவில்லை. பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, குந்தாவில் விடிகாலை அதைவிடக் குளிர். ராத்திரியே மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலையணைப் பக்கம், கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். காலையில் இரண்டு கையையும் தேய்த்து, விரல் சிவந்த பிறகு குத்துங்கள். சொட்டும் நன்றாக வரும்.