மெல்போர்னுக்குப் பிஎச்டி படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, சென்னையில் ஒரு வங்கியில் தகவல் பாதுகாப்புத் தணிக்கை பார்த்தவர், கையில் சிஐஎஸ்ஏ என்ற கணினித் தணிக்கையாளர் சான்றிதழ், மெல்போர்னில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் பிஎச்டிக்கு இடமும் ஸ்காலர்ஷிப்பும் கிடைத்திருக்கிறது, ‘ஊழியர்கள் பாதுகாப்பு விதிகளை ஏன் மீறுகிறார்கள்’ என்பது தலைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்குப் போகாமல் இங்கே வருவது சரியா, முடித்ததும் விரிவுரையாளர் வேலை கிடைக்குமா, குளிர் எப்படி, வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக இதே துறையில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளிரையும் வீட்டையும் முதலில் முடித்துவிடலாம். குளிரைவிட வெயிலுக்குத் தயாராக வாருங்கள். நான் வந்த கோடையில், 2009 பிப்ரவரி 7 அன்று, மெல்போர்னில் 46.4 டிகிரி. திருநெல்வேலியில் வளர்ந்த நான் அப்படி ஒரு வெயிலைப் பார்த்ததில்லை. விக்டோரியா மாநிலத்துக் காட்டுத்தீயில் 173 பேர் இறந்ததும் அந்த நாட்களில்தான். வீட்டை வந்து இறங்கிய பிறகு நேரில் பார்த்துப் பிடியுங்கள். மளிகைக்கு டான்டினாங், கோயிலுக்குக் காரம் டவுன்ஸ், இரண்டும் மெல்போர்னின் புறநகர்கள். மீதியெல்லாம் தானாகப் பழகிவிடும்.

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். பிசினஸ் ஸ்கூலுக்கு வருவதில் தவறே இல்லை. ஆனால் இங்கே விளையாட்டு விதி வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸில் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்பவர்களுக்கு யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ் மாதிரி மாநாடுகளில் கட்டுரை வந்தால் போதும், பெயர் நின்றுவிடும். பிசினஸ் ஸ்கூலில் மாநாட்டுக் கட்டுரைக்குப் பெரிய மதிப்பில்லை. ஆஸ்திரேலிய பிசினஸ் டீன்கள் குழு வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் ஆய்விதழ் உச்சத் தரமான ஏ-ஸ்டாரா, அதற்கு அடுத்த ஏ-யா என்றுதான் பார்ப்பார்கள். எம்ஐஎஸ் குவார்ட்டர்லி போன்ற ஏ-ஸ்டார் இதழில் ஒரு கட்டுரை திருத்தம், மறுதிருத்தம் என்று சுற்றி வெளிவர இரண்டு மூன்று வருடம் ஆவது சாதாரணம். உங்கள் ஸ்காலர்ஷிப்போ பெரும்பாலும் மூன்றரை வருடத்துக்குத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டாம் வருடத்திலேயே கையில் நல்ல தரவு இருக்க வேண்டும்.

அந்தத் தரவைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். எந்த நிறுவனமும் தன் பாதுகாப்பு ஓட்டையைப் பற்றி வெளி ஆளிடம் பேசாது. கோடுலிக், கிளார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு பற்றிய கேள்வித்தாள் அனுப்பினார்கள். அநேகமாக யாருமே பதில் போடவில்லை. கடைசியில், இந்தத் துறையில் ஆய்வுகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதையே கட்டுரையாக எழுதி 2004இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் என் மாணவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

கதவு திறக்காததால் நம் துறை ஒரு குறுக்கு வழியைப் பிடித்துக்கொண்டது. கல்லூரி மாணவர்களிடமோ, காசு கொடுத்தால் பதில் எழுதும் இணையக் குழுவிடமோ கேள்வித்தாளைக் கொடுப்பது. ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதியைப் பின்பற்றுவீர்களா?’ என்று ஒன்றிலிருந்து ஏழு வரை கட்டம் போட்டுக் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? எண்ணத்தை அளந்துவிட்டுச் செயலை அளந்ததாக எழுதுகிறோம். 1990இல் டெட்மார் ஸ்ட்ராப் என்ற ஆய்வாளர் 1,211 நிறுவனங்களில் செய்த ஆய்வு, தண்டனை பயமும் கண்காணிப்பும் கணினி முறைகேட்டைக் குறைக்கும் என்று காட்டியது. அதற்காக அவர் நிறுவனங்களிடம் போனார். பின்னால் வந்த நிறையப் பேர் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, நிறுவனத்துக்குப் போகும் பகுதியை விட்டுவிட்டார்கள். இதைக் கருத்தரங்குகளில் எழுந்து நின்று சொல்லி நான் சிலரைப் பகைத்துக்கொண்டதும் உண்டு. அதனால் என்ன, சொல்ல வேண்டியதுதான்.

உங்களிடம் இருக்கும் சொத்து இங்கே யாரிடமும் இல்லை. 2016இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த இணையப் பாதுகாப்பு விதிமுறைகள் காகிதத்தில் எப்படி இருந்தன, ஒரு வங்கிக் கிளையில் எப்படி நடந்தன என்பது தணிக்கை செய்த உங்களுக்குத் தெரியும். ஏதாவது பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. ஆஸ்திரேலியாவில் வங்கி, காப்பீட்டு நிறுவனங்கள் முக்கியமான சம்பவத்தை அவற்றின் ஒழுங்குமுறை அமைப்பான ஆப்ராவுக்கு 72 மணி நேரத்துக்குள் சொன்னால் போதும். ஆறு மணி நேரம் என்னும்போது உள்ளே இருக்கும் ஊழியர் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார்? இதற்குள்ளேயே ஒரு பிஎச்டி இருக்கிறது. விமானம் ஏறும் முன்பே உங்கள் பழைய மேலதிகாரிகளைப் போய்ப் பாருங்கள். பேட்டி எடுக்க அனுமதிக்கிறோம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி வராதீர்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் அந்தக் கடிதத்தைக் கேட்கும். ஏமாற்றி விவரம் கறக்கும் ஃபிஷிங் மின்னஞ்சல் மாதிரி போலியாக ஒன்றை அனுப்பி ஊழியர்களைச் சோதிக்கப் போகிறேன் என்று எழுதினால் அவர்கள் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அந்த யோசனை இருந்தால் முதல் வருடமே விண்ணப்பியுங்கள்.

அடுத்த எச்சரிக்கை, வகுப்பெடுக்கும் வேலை. வந்ததுமே டுடோரியல் எடுக்கிறாயா, தாள் திருத்துகிறாயா என்று கேட்பார்கள். இங்கே அதற்கு செஷனல் என்று பெயர். மணிக்கணக்குக் கூலி நன்றாகத்தான் இருக்கும், பிஎச்டி மாணவர்களுக்கு விசாவில் மணி நேரக் கட்டுப்பாடும் கிடையாது. அங்கேதான் ஆபத்து. நான் வேலை செய்த ஓர் இடத்தில் கட்டுரைக்கு இவ்வளவு நிமிடம் என்று வைத்துத்தான் பணம் தந்தார்கள். அந்த நிமிடத்துக்குள் ஒரு மாணவர் எழுதியதை ஒழுங்காகப் படிக்கவே முடியாது. நான் ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்தேன், மிச்ச நேரத்துக்குச் சம்பளம் இல்லாமல். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், அதுவும் உங்கள் துறைப் பாடம், அதற்கு மேல் தொடாதீர்கள். நன்றாகப் படித்த இரண்டு மூன்று பேர் நாலு பாடம் ஐந்து பாடம் என்று எடுத்து, ஸ்காலர்ஷிப் காலம் முடிந்தபின்னும் ஆய்வேட்டை முடிக்காமல் அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஆட்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். சனி ஞாயிறு கூட்டங்களில், ‘பிஎச்டி எதற்கு, ஒரு செக்யூரிட்டி அனலிஸ்ட் வேலையில் சேர்ந்தால் இரண்டு மடங்கு சம்பளம், வீடு எப்போது வாங்கப் போகிறாய்’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சம்பளக் கணக்கு சரிதான், ஆனால் அவர்கள் செய்வது வேறு தொழில், நீங்கள் வந்தது வேறு தொழில். பி.ஆர். என்ற நிரந்தரக் குடியுரிமை அனுமதி கிடைக்கும் என்பதற்காகவே பிஎச்டியில் சேருபவர்கள் மீது எனக்கு மரியாதை இல்லை. ஒரு இடம் வீணாகிறது. இன்னொரு கூட்டம் உண்டு. அறிவில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் கருத்தரங்கில் வாயே திறக்க மாட்டார்கள், பேராசிரியரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டு. இங்கே பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவர் சொல்வது தவறென்றால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நான் அதை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. நன்றியோடு சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். இந்திய மாணவர்கள் தாக்கப்பட்ட செய்திகள் ஓடிக்கொண்டிருந்த 2009இல், முன்பின் தெரியாத ஓர் ஈழத்துக் குடும்பம் டான்டினாங்கில் தங்கள் வீட்டில் எனக்கு அறை கொடுத்தது. இரவு நூலகத்திலிருந்து தாமதமாக வந்தால் அந்த அண்ணா ரயில் நிலையத்தில் காரோடு நிற்பார்.

விரிவுரையாளர் வேலையைப் பற்றி வாக்குக் கொடுக்க முடியாது. 2025க்குப் புதிய வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை 2,70,000க்குள் வைக்க அரசு முயன்றது, பல்கலைக்கழகங்கள் ஆட்குறைப்பு செய்கின்றன. ஆனால் பாதுகாப்புப் பாடத்துக்கு ஆள் தேவை இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஆப்டஸ் என்ற தொலைபேசி நிறுவனம், அடுத்த மாதமே மெடிபேங்க் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஹேக் ஆயின, ஒவ்வொன்றிலும் தொண்ணூறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரம் போனது. அதற்குப்பின் என் வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிட்டன. ஓர் ஒப்பந்த ஊழியர் வேலைக் கடவுச்சொல்லைத் தன் சொந்த பிரவுசர் கணக்கில் சேமித்ததும், வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் நுழைய உதவும் விபிஎன்னில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாததும்தான் மெடிபேங்கில் வழிவிட்டது என்று தகவல் ஆணையர் நீதிமன்றத்தில் குற்றம்சாட்டியிருக்கிறார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2018இல் தன்னிடம் நுழைந்த ஹேக்கர்களைப் பற்றி அடுத்த ஆண்டே பொது அறிக்கை வெளியிட்டது. முதல் மின்னஞ்சலில் யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை, முன்னோட்டமாகப் பார்த்ததே போதுமாக இருந்தது என்று அதில் இருக்கிறது. ‘கிளிக் பண்ணாதே’ என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி எவ்வளவு குறைபாடானது என்று புரியவைக்க எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை. இப்படி ஒரு வகுப்பை நடத்திவிட்டு வெளியே வரும்போது வேறு எந்த வேலையும் எனக்கு வேண்டாம் என்று தோன்றும்.

ஆய்வுக்கு எனக்குக் கதவு திறந்தது, உங்கள் சிஐஎஸ்ஏ சான்றிதழைத் தரும் ஐசாகா அமைப்பின் மெல்போர்ன் கிளைக் கூட்டங்களில். பல்கலைக்கழகக் கடிதத்தோடு போன எல்லா நிறுவனமும் திருப்பி அனுப்பிவிட்டது. மாலைக் கூட்டங்களில் நாற்காலி போடவும் பெயர் அட்டை கொடுக்கவும் உதவிக்கொண்டிருந்தபோது, புறநகர் மருத்துவமனை ஒன்றின் ஐடி மேலாளர் என்ன ஆராய்ச்சி என்று விசாரித்து உள்ளே அழைத்துப்போனார். அங்கே இரவுப் பணி நர்சுகள் ஒரே லாகினை எல்லோரும் பயன்படுத்தினார்கள். விதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும், பயிற்சியிலும் தேறியவர்கள். ஒவ்வொரு முறையும் லாகின் ஆக நேரம் எடுக்கும், கட்டிலில் இருப்பவருக்கு அவ்வளவு நேரம் பொறுக்காது. அவ்வளவுதான் காரணம். கேள்வித்தாள் வைத்துக் கேட்டிருந்தால் எல்லோரும் ‘விதியைப் பின்பற்றுவேன்’ என்றுதான் டிக் அடித்திருப்பார்கள். நான் அறிக்கை கொடுத்ததும் அந்த மேலாளர் யாரையும் தண்டிக்கவில்லை, அடையாள அட்டையைத் தட்டினால் திறக்கும்படி மாற்றினார்.

அவர் இப்போதும் வருடம் ஒருமுறை என் மாணவர்களிடம் பேச வருகிறார். நீங்கள் வந்து சேர்ந்ததும் ஐசாகா கூட்டத்துக்கு வாருங்கள், அவரை அறிமுகப்படுத்தி வைக்கிறேன். அதற்கு முன் அந்த வங்கிக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.